களரி மாறிய ஆட்டம்

சனிக்கிழமை தோறும் என் வீட்டிற்கு வரும் மாணவன் ஒருவன் உளன். நன்னூலிலே ஐயம் கேட்பதற்கென்று வருபவன், சென்ற மாதம் ஒரு நாள், நான் நீராடி வருவதற்குள் என் மகனுடைய கணினியின் முன் அமர்ந்து, வாளும் கேடயமும் தாங்கிய வீரனாகத் தன்னைப் புனைந்துகொண்டு, முகமறியாத பிற நாட்டார் பலரோடு கூடி ஆடிக்கொண்டிருந்தான். “இஃது என்ன விளையாட்டு?” என்று வினவினேன். “ஐயா, இதுவும் கூத்துத்தான், களரி மட்டும் இணையத்திலே” என்றான்.

குறும்பான விடைதான். ஆயினும் அன்றிரவு முழுவதும் அது என்னை விட்டு அகலவில்லை. வேடம் புனைந்து ஆடும் இவ்விளையாட்டுகளைப் பற்றி அவனிடமும் மகனிடமும் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் சில செய்திகளை அறிந்தேன். அவை தமிழ் கற்பிக்கும் எனக்கே பாடமாயின என்று சொல்ல வெட்கமில்லை.

2002ஆம் ஆண்டு மே மாதத்திலே சப்பானிய நிறுவனமாகிய ஸ்குவையர், ‘பைனல் பான்டசி’ வரிசையில் பதினோராவது விளையாட்டை வெளியிட்டது. முன்னைய பத்தும் பெரும்பாலும் ஒருவர் தனித்திருந்து ஆடுவன. இதுவோ பல்லாயிரவர் ஓருலகிலே கூடி ஆடுவது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 2 என்னும் பெட்டிக்கென இது முதலில் ஆக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே விண்டோஸ் கணினிக்கும் கொண்டுவரப்பட்டது. வட அமெரிக்காவிற்கு 2003 அக்டோபரில் முதலிற் சென்றது கணினி வடிவமே. பெட்டி வடிவம் அடுத்த ஆண்டுதான் சென்றது.

பெட்டிக்கு எழுதுவதும் கணினிக்கு எழுதுவதும் ஒன்றல்ல. பெட்டியின் உள்ளுறுப்பு எல்லா வீட்டிலும் ஒன்றே. அதனை ஆக்கியவர் சொன்னபடி எழுதினாற் போதும். கணினியோ அவரவர் விருப்பப்படி உறுப்புகள் பொருத்தப்பெற்றது. திரையிலே மலையும் கடலும் மனிதரும் தோன்றுவதற்கு வேண்டிய கணக்கையெல்லாம் போடுவது வரைகலை அட்டை என்னும் உறுப்பு. ஒருவர் வீட்டிலே என்விடியாவின் அட்டை இருக்கும். அடுத்தவர் வீட்டிலே அதற்குப் போட்டியான ஏ.டி.ஐ. நிறுவனத்தின் அட்டை இருக்கும். (ஏ.டி.ஐ.யை 2006இல் ஏ.எம்.டி. வாங்கிவிட்டது, போட்டி மட்டும் இன்றும் ஓயவில்லை.) இருவகை அட்டைக்கும் உட்கட்டு வேறு, கட்டளை வேறு. ஒரே விளையாட்டு ஓரட்டையிலே தெளிந்த நீராகக் காட்டுவதை மற்றோர் அட்டை கருந்திட்டாகக் காட்டுவதும் உண்டு என்று என் மகன் சொன்னான்.

எங்கள் மட்டக்களப்பாருக்கு இது விளங்காததன்று. வடமோடியும் தென்மோடியும் நாம் அறிந்தவையே. மத்தளமும் சல்லரியும் இரண்டிற்கும் பொது. ஆட்டமும் தாளக்கட்டும் உடுப்பும் வேறு. வடமோடி ஏட்டை எடுத்துத் தென்மோடி அண்ணாவியார் கையிற் கொடுத்தால், அவர் அதை அப்படியே ஆட்டுவிக்க மாட்டார், சிரிப்பார்.

அங்ஙனமாயின், பகைவர் இருவர் அட்டையிலும் ஒரே விளையாட்டு எவ்வாறு ஓடுகின்றது? இடையிலே ஒரு பொது இலக்கணம் இருப்பதனாலேதான். மைக்ரோசொப்டு வகுத்த டைரக்ட்3டி என்பது அத்தகையது. விளையாட்டை எழுதுவோர் அவ்விலக்கணத்தின்படி எழுதுவர். அட்டை செய்வோர் ஒவ்வொருவரும் அதைத் தம் அட்டையின் கட்டளையாக மாற்றும் ‘இயக்கி’ ஒன்றைத் தாமே எழுதித் தருவர். நன்னூலார் இருந்தால் மகிழ்ந்திருப்பார். நமக்குள் எத்தனை பேச்சு வழக்குகள்! யாழ்ப்பாணத்தார் பேச்சு வேறு, படுவான்கரையார் பேச்சு வேறு, மதுரையார் பேச்சு வேறு. ஆயினும் எழுதும்போது ஓரிலக்கணம் பற்றி எழுதுகின்றோம், மூவரும் படிக்கின்றனர்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். பொது இலக்கணத்திலே எழுதினால் ஓர் அட்டைக்கே உரிய தனிச்சிறப்பு வெளிப்படுமா என்பர். நேர்மையான தடைதான். 1996இல் 3டிஎப்எக்ஸ் என்னும் நிறுவனம் ‘வூடூ’ என்ற அட்டையை விற்றது. ‘கிளைட்’ என்னும் தன் சொந்த மொழியையும் உடன் தந்தது. அக்காலத்திலே அம்மொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகளே அழகிலும் விரைவிலும் மேம்பட்டு நின்றனவாம். ஆனால் அம்மொழி பிறர் அட்டைக்குப் புரியாது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் வீழ்ந்தது. அதன் உடைமைகளை என்விடியாவே வாங்கிற்று. அந்த அட்டையை மட்டும் நம்பிய விளையாட்டுகள் கேட்பாரற்றன. பின்னர் ஆர்வலர் சிலர் அம்மொழியைப் பொது மொழிக்குப் பெயர்க்கும் இடைநிரல்களைத் தாமாகவே எழுதி அவற்றை உயிர்ப்பித்தனர். அவர்களை உரையாசிரியர் வரிசையிலே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதா என்றால், இல்லை. மங்கிய காட்சியைத் தெளிவுடையதாக்கும் ஒரு நுட்பத்தை என்விடியா தன் அட்டைகளுக்கே உரியதாக வைத்திருக்கிறது. அதற்கெதிராக ஏ.எம்.டி. 2021இல் வெளியிட்ட நுட்பம் போட்டியாளர் அட்டையிலும் ஓடியது. அதன் மூலநிரலையும் எவரும் பார்க்கலாம் என்றனர். நன்று என்று மகிழ்ந்தோம். 2025இல் அதன் நான்காம் பதிப்பு வந்தபோதோ, அது அவர்களுடைய புதிய அட்டைகளுக்கென்றே வந்தது. கொடையாளி செல்வம் சேர்ந்ததும் கதவடைத்த கதை.

பதினோராம் பான்டசிக்கு வருவோம். கணினிக்கு வந்த பின்னும் அது தாய்வீட்டுப் பழக்கத்தை விடவில்லை. கணினி எத்துணை விரைவுடையதாயினும் காட்சி விநாடிக்கு ஏறத்தாழ 30 படம் என்னும் பெட்டிக் கணக்கிலேயே ஓடியது. பெட்டியின் கைப்பிடிக்கென வகுத்த முறையே விசைப்பலகையிலும் தொடர்ந்தது. இவையெல்லாம் குறையே. ஆனால் 2016 மார்ச்சு மாதத்துடன் பிளேஸ்டேசன் 2இல் அவ்விளையாட்டு நிறுத்தப்பட்டது. பிறந்த களரியிலே விளக்கணைந்தது. குடிபெயர்ந்த களரியிலே இன்றும் ஆட்டம் நடக்கின்றது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் செய்ததும் இதுவேயன்றோ? விடிய விடிய வட்டக்களரியில் நடந்த மட்டக்களப்புக் கூத்தை, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு, சில மணி நேரத்திற்கு அடங்குமாறு, பேராதனை மாணவரைக் கொண்டு கொணர்ந்தார். கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைக் கொழும்பாரும் யாழ்ப்பாணத்தாரும் கண்டு வியந்தனர். நாற்புறமும் சூழ்ந்திருந்து பார்க்கும் ஊரார் போயினர். அண்ணாவியாரின் இரவு சுருங்கிற்று. அவ்விழப்பைச் சிறிது என்று நான் சொல்லேன். ஆயினும் அன்று அவர் அதை மேடையேற்றாதிருந்தால், கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய படித்தவர் கூட்டம் இன்றும் ஒதுக்கியே இருக்கும்.

அவ்விளையாட்டில் என்னைக் கவர்ந்த மற்றொன்றும் உண்டு. சப்பானியரும் அமெரிக்கரும் ஒரே உலகில் ஆடுமாறு அமைத்தமையால், முன்னரே தொகுத்த சொற்களும் தொடர்களும் கொண்ட ஓர் அகராதியை உள்ளே வைத்தனர். ஒருவர் ஒரு தொடரைத் தெரிந்தெடுத்தால், அவரவர் திரையில் அவரவர் மொழியிலே அது தோன்றும். அந்த அகராதியிலே தமிழுக்கு இடமில்லை. கேட்டவரும் நம்மில் எவருமிலர்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். 2003இல், ஊரண்ணாவியார் ஒருவரிடம் இரவல் வாங்கிய கூத்தேட்டை நானே கணினியில் எழுதினேன். அப்போது ஈழத்திலே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவைப் போன்று, சில இடங்களில் மட்டும் வேறுபட்ட ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தினேன். திரையிலே தமிழாகத் தெரிந்தது. கணினியின் நினைவிலோ ‘தமிழ்’ என்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடந்தது. ஒருங்குறி என்னும் பொது இலக்கணத்தில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தது. நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். 2004 திசெம்பர் 26இல் கடல் வந்தபோது அண்ணாவியார் வீட்டோடு ஏடும் போயிற்று.

எஞ்சியது என் கோப்பு ஒன்றே. எழுத்துரு எந்தக் கணினியோடு போயிற்றோ, அறியேன். பாமினியை ஒருங்குறியாக்கும் கருவியில் இட்டால் முக்காற்பங்கு தமிழாகின்றது, ஏனையது குழம்புகின்றது. ‘கூத்து’ என்னும் சொல்லிலேயே முதலெழுத்தைக் காணோம். தருக்களை ஓசை பற்றித் திருத்தலாம். தாளக்கட்டுகளை எதைக்கொண்டு திருத்துவது? அண்ணாவியாரும் இன்று இல்லை. அவரிடம் ஆடிப் பழகிய முதியவர் ஒருவர் வாவிக்கரையிலே இருக்கிறார். அவரைப் பாடச் செய்து, கேட்டுக் கேட்டு எழுதுகிறோம்.

“நாங்கள் மூன்று தலைமுறை அட்டை மாற்றியும் ஆட்டம் கெடவில்லையே ஐயா” என்கிறான் மாணவன், பிழை திருத்திக்கொண்டே. இன்னும் நாற்பது பக்கம் இருக்கின்றன. வரும் சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். திருத்தம் முடிந்த பின் ஒரு மணி நேரம் கணினியை அவனுக்கு விடுவது என்பது எங்கள் உடன்படிக்கை.