வெப்பக்காட்டியும் வனக் காவலரும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழகத்தை ஒட்டி அமைந்தவை. முன்னது வாளையாற்றிலும் அட்டப்பாடியிலும் கோவை மாவட்டத்தைத் தொடுகிறது. பின்னது போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி முதலிய மலைவழிகளில் தேனி மாவட்டத்தைத் தொடுகிறது. இவ்வெல்லை மனிதர் வகுத்தது. யானைகள் அதனை அறியா. 2023 ஏப்ரல் 29ஆம் நாள் சின்னக்கானலில் பிடிக்கப்பெற்ற அரிக்கொம்பன் என்னும் யானை, பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட ஒரு மாதத்திற்குள் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூன் 5ஆம் நாள் தமிழக வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டு சென்றனர்.

இத்தகைய நிகழ்ச்சிகளில் யானையின் பெயர் நாடெங்கும் பரவுகிறது. அதன் எதிரில் இருட்டில் நிற்கவேண்டிய வாட்சரின் பெயர் அவ்வளவாகப் பரவுவதில்லை. 2023 ஜனவரியில், சின்னக்கானலுக்கு அண்மையிலுள்ள பன்னியாறு தோட்டத்தில், யானைகளிடம் பேசியே அவற்றைத் திருப்பி அனுப்பக்கூடியவர் என்று மக்களால் போற்றப்பட்ட வாட்சர் ஒருவர், யானை தாக்கி உயிரிழந்தார். காட்டை நன்கறிந்தவருக்கே இக்கதி நேருமாயின், புதிதாகப் பணியில் சேர்ந்தவனின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் இடையே இரவு முழுவதும் காவல் புரிவோரிடம் பெரும்பாலும் இருப்பவை ஒரு டார்ச்சு விளக்கும், சில பட்டாசுகளும், கூர்ந்த செவியுமே.

ஆதலின், தலைக்கவசத்தில் பொருத்தி ஒரு கண்ணால் நோக்கும் சிறு வெப்பக்காட்டிகள் களப்பணியாளருக்கு வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே. ஆனால் எத்தகைய கருவி என்பதே வினா. இவற்றுள் பெரும்பாலானவை போர்வீரருக்காகவும் அயல்நாட்டு வேட்டைக்காரருக்காகவும் அமைக்கப்பட்டவை. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் உள்ளதையும் காட்டும் என்பதே விற்பனையாளர் முதலில் எடுத்துரைக்கும் பெருமை. வாட்சர் உயிரிழப்பது ஆயிரம் மீட்டர் தொலைவிலுள்ள யானையால் அன்று. பதினைந்து மீட்டர் தொலைவில், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால், அசையாமல் நிற்கும் யானையால்.

கருவியின் தத்துவம் பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்கது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒன்றுமில்லாதது போல் தோன்றும் இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது உயர்ந்ததைக் கண்டார். அகச்சிவப்புக் கதிர்கள் இவ்வாறு அறியப்பட்டன. வெப்பமுடைய பொருள் யாவும் இக்கதிர்களை வெளிவிடுகின்றன. நம் சுற்றுப்புற வெப்பநிலையிலுள்ள பொருள்கள் மிகுதியாக வெளிவிடும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். கண் காணும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையே. ஆகவே வெப்பக்காட்டிக்கு நிலவும் வேண்டா, நட்சத்திரமும் வேண்டா. இரவில் காண உதவும் மற்றொரு வகைக் கருவியான ஒளிப்பெருக்கி சிறிதளவேனும் ஒளியை வேண்டி நிற்பது. மேகம் கவிந்த இரவில், மரநிழலில், அது தளர்ந்துவிடும்.

சாதாரணக் கண்ணாடி இந்நீண்ட அலைகளைத் தடுத்துவிடுவதால், லென்ஸை ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் செய்கின்றனர். விலை மிகுதற்கு இஃதொரு காரணம். ஜீப்பின் முன்கண்ணாடி வழியே வெப்பக்காட்டியால் காண இயலாமைக்கும் இதுவே காரணம். ஓட்டுநரின் தலையில் கருவியைப் பொருத்திவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். லென்ஸின் பின்னே நுண் போலோமீட்டர்கள் வரிசையாக அமைந்துள்ளன. கதிர் விழ, அவை இம்மியளவு சூடேறி மின்தடை மாறுகின்றன, அம்மாற்றமே படமாகிறது. போலோமீட்டரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாங்லி என்னும் அமெரிக்க வானியலார் அமைத்தார். அதனைக் குளிரூட்டும் ஏற்பாடு வேண்டாத நுண்ணிய தகடாக்கிய பணி 1980களில் அந்நாட்டு இராணுவத்தின் பொருளுதவியால் நடைபெற்றது. தலையில் தாங்கும் அளவிற்குக் கருவி சிறுத்தது அதன் பயனே.

இனி ஒப்பீடு. சந்தைக்கு வந்தவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். பிளிர் நிறுவனத்தின் பிரீச் என்பதில் 320க்கு 256 படப்புள்ளிகள் உள்ளன. பார்வைப் பரப்பு 24 பாகை. எடை 210 கிராம் அளவு. இன்ஃபிரே நிறுவனத்தின் ஆர்.எச். 25 என்பதில் 640க்கு 512 படப்புள்ளிகள். லென்ஸின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர். பார்வைப் பரப்பு ஏறத்தாழ பதினேழரைப் பாகை. இரண்டிலும் ஒவ்வொரு படப்புள்ளியின் அளவும் 12 மைக்ரானே. எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் இரண்டாவதே சிறந்தது என்று உடனே முடிவு கட்டுவர். கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதன்று.

300 மீட்டர் தொலைவில் இரண்டரை மீட்டர் உயரமுள்ள யானை, இரண்டாவது கருவியில் சுமார் 17 படப்புள்ளி உயரம் பெறும். முதற்கருவியில் ஆறே பெறும். ஒரு பொருள் இன்னதென இனங்காண ஏறத்தாழ எட்டுப் படப்புள்ளிகள் வேண்டும் என்பது, 1958இல் ஜான்சன் என்பார் வகுத்த அளவுகோலிலிருந்து பெறப்படும் மதிப்பு. ஆகவே 300 மீட்டரில் ஒன்று 'அங்கே யானை' என்னும். மற்றொன்று 'அங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டும் கூறும். ஆனால் 100 மீட்டருக்குள் வந்துவிட்டால் முதற்கருவியிலும் யானை 19 படப்புள்ளிகள் பெற்று ஐயமின்றித் தெரியும். அந்நெருக்கத்தில் முதன்மை பெறுவது பார்வையின் அகலம். 30 மீட்டர் தொலைவில் முதற்கருவி பன்னிரண்டே முக்கால் மீட்டர் அகலத்தைக் காட்டும். இரண்டாவது ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல். படப்புள்ளிகள் 384 மட்டும் கொண்டு 25 மில்லிமீட்டர் லென்ஸ் பூண்ட கருவியாயின் ஐந்தரை மீட்டரே. அதே கருவியால் பதினைந்து மீட்டரில் நிற்கும் யானையை நோக்கினால், படத்தில் யானை தெரியாது. வெதுவெதுப்பான சுவரொன்றே தெரியும். அது யானையின் விலா என்று உணர்வதற்குள் காலம் கடந்திருக்கும்.

யானையைக் காக்கும், யானையிடமிருந்து மக்களைக் காக்கும் பணிக்கு அகன்ற பார்வையே முதன்மை என்பது இதனால் பெறப்படும். மறையூர்ச் சந்தனக் காட்டின் காவல் வேறு வகையானது. அங்குத் தேடப்படுவது மரம் வெட்ட வரும் மனிதன். தோளகலம் அரை மீட்டர். 100 மீட்டரில் அவன் முதற்கருவியில் நான்கு படப்புள்ளி அகலமே பெறுவான், இரண்டாவதில் பத்து. ஆகவே மறையூருக்குக் குறுகிய, கூரிய பார்வையே ஏற்றது. எனினும் எக்கருவியிலும் முகம் தெரியாது. வெண்ணிற உருவம் திருடனுடையதா, பிந்தி வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளியுடையதா என்பதைக் கருவி கூறாது. இரண்டிற்கும் ஒரே கருவியை மொத்தமாக வாங்கி வழங்குவது அலுவலகத்திற்கு எளிது, களத்திற்கு நன்றன்று.

விளம்பரத் தாளில் காணப்படாத குறைகள் சில உண்டு. பாலக்காட்டில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாள்களில், பகலெல்லாம் காய்ந்த பாறைகள் இரவிலும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். யானையின் தோலும், குறிப்பாகச் சேறு பூசியிருக்கையில், சுற்றுப்புற வெப்பநிலையை நெருங்கிவிடும். பாறையும் யானையும் ஒரே சாயலில் தெரியும் நேரம் அந்தியிலும் விடியலிலும் வருவதுண்டு. அவையே யானைகள் நடமாடும் நேரங்கள். இடுக்கியில் இதற்கு மாறான இடர். அங்கு மூடுபனியின் நீர்த்துளிகள் நீண்ட அலைகளையும் விழுங்கிச் சிதறடிக்கின்றன. மெல்லிய பனியில் வெப்பக்காட்டி கண்ணினும் மேலாகக் காணும். அடர்ந்த பனியில் ஏறத்தாழக் கண்ணைப் போலவே தோற்கும். மழையில் இலை, மண், கல் யாவும் ஒரே வெப்பநிலையை அடைவதால் படம் சாம்பல் பூத்துவிடுகிறது. இத்தகைய இடங்களில் படப்புள்ளிகளின் எண்ணிக்கையைவிட வெப்ப நுண்ணுணர்வே பயன் தரும். ஒரு பாகையில் நூற்றில் நான்கு பங்கு வேறுபாட்டை உணரும் கருவிக்கும், அதில் பாதியையே உணரக்கூடிய கருவிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஈரக்காட்டில்தான் வெளிப்படும். அடர்ந்த இலைத்திரையை ஊடுருவும் ஆற்றல் எதற்கும் கிடையாது.

இவற்றினும் பெரிதாகக் கருதவேண்டியது காலடி. வெப்பக்காட்டி வழியே நோக்கி நடப்பவன் குழியையும் வேரையும் கம்பியையும் பெரும்பாலும் காணமாட்டான். அவையனைத்தும் நிலத்தின் வெப்பநிலையையே கொண்டவை. பாம்பும் அவ்வாறே. கண்ணாடி விரியன் தன்னுடலில் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் பிராணியன்று. பாதையில் கிடந்தாலும் கருவியில் தோன்றாமல் போகலாம். ஒரு கண் திரையை நோக்குவதால் இரு கண்களாலும் பெறும் தொலைவறிவு குன்றிவிடும். படிகளில் கால் தவறும். ஒளிரும் திரையைக் கண்ட கண் மீண்டும் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். மற்றக் கண்ணாவது இருளுக்குப் பழகியபடி இருக்கும் என்பதே ஒற்றைக்கண் கருவியின் சிறப்பு. தலையைத் திருப்பும்போது படமும் உடனே திரும்பவேண்டும். நொடிக்கு ஒன்பது படங்கள் மட்டும் காட்டும் மலிவுக் கருவிகளைத் தலையில் அணிந்தால் தலைசுற்றல் உண்டாகலாம். நொடிக்கு ஐம்பதுக்குக் குறைந்தவற்றைத் தலைக்கவசத்திற்கென வாங்குதல் வீண். மேலும், தன்னைத் திருத்திக்கொள்வதற்காகக் கருவி இடையிடையே ஒரு மூடியை மூடித் திறக்கும். அப்போது படம் கணநேரம் உறைந்து, சிறு ஒலியும் எழும். யானைக்கு அருகில் அக்கணம் சிறிதன்று.

தலைக்கவசமும் ஆராயத்தக்கதே. வாட்சர் இருளில் அதிகமாக நம்புவது செவியை: கிளை முறியும் ஒலி, வயிற்றின் உறுமல், காது விசிறும் அரவம். செவியை மூடும் கவசம் கண்ணுக்குத் தருவதைவிட மிகுதியாகக் காதிலிருந்து பறித்துக்கொள்ளும். செவியை மூடாத தலைப்பட்டையில் கருவியைப் பொருத்தி, பின்புறம் மின்கலத்தை வைத்து எடையைச் சமன் செய்வதே தக்கது. கருவியை ஒரு விரலால் மேலே தூக்கிவிட இயலவேண்டும். நடக்கையில் தூக்கிவிட்டு, நிற்கையில் இறக்கிப் பார்ப்பதே முறை. குழுவின் முன்னே செல்பவர் அதனை அணியாதிருப்பதும், அவருக்கு அடுத்தவர் அணிவதும் நலம்.

வாளையாற்றை அடுத்த மதுக்கரைப் பகுதியின் இருப்புப்பாதையை இதற்கு எதிர்வாதமாகச் சிலர் காட்டலாம். 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு நவக்கரை அருகே மங்களூரு – சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் அங்கு 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் நிறுவப்பட்டு, கணிப்பொறியே யானையை இனங்கண்டு எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பயனுள்ள ஏற்பாடுதான். கோபுரம் நடப்பதில்லை, அதன் கழுத்து வலிப்பதில்லை, அது நோக்கவேண்டிய பாதையும் முன்னரே அறியப்பட்டது. வனத்துறையினர் பயன்படுத்தும் வெப்பக் கேமரா ட்ரோன்களும் இவ்வாறே தூரத்திலிருந்து, மேலிருந்து காண்பவை. இவற்றின் வெற்றியைக் கொண்டு தலையில் அணியும் கருவியை மதிப்பிடுதல் பொருந்தாது. ட்ரோன் கண்ட யானையை நோக்கி இறுதியில் காலால் நடந்து செல்பவர் வாட்சரே.

கொள்முதலில் மற்றொரு செய்தியும் உண்டு. இந்தியாவுடன் நில எல்லை பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் அரசுக் கொள்முதலில் பங்குபெற முன்னரே பதிவு பெறவேண்டும் என்பது 2020 ஜூலை மாத மத்திய அரசு ஆணை. மேலே கூறிய இன்ஃபிரே சீன நிறுவனமாதலால் இவ்வாணை அதற்கும் பொருந்தும். உள்நாட்டில் டேராடூனிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமும், பாரத் எலக்ட்ரானிக்ஸும், பெங்களூரின் டான்போ இமேஜிங்கும் இரவுக் காட்சிக் கருவிகளில் அனுபவம் உடையவை. காவலரின் தேவை போர்வீரரின் தேவையினும் எளியது: அகன்ற பார்வை, பெரிதாக்காத படம், மழை தாங்கும் உறை, எங்கும் கிடைக்கும் மின்கலம். இதனை எழுத்தில் வகுத்து அந்நிறுவனங்களின் முன் வைப்பது வனத்துறைகளுக்கு இயலாத செயலன்று.

வாங்குவதற்கு முன் சோதனை வேண்டும். அச்சோதனை நகரத்து அலுவலகக் கூடத்தில் நடத்தத்தக்கதன்று. ஏப்ரல் மாதத்தில் வாளையாற்றுப் பாறைகளிடையே ஓரிரவு, ஜூலை மாதத்தில் சின்னக்கானல் பனியில் ஓரிரவு. அணிந்து பார்ப்பவர் அதிகாரியாக இராமல், அன்றாடம் அவ்விடத்தில் காவல் புரியும் வாட்சராக இருக்கவேண்டும். அவர் பெரும்பாலும் தற்காலிகப் பணியாளர். விலையுயர்ந்த கருவி தொலைந்தால் தன் கூலியில் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி அதனை வாங்க மறுப்பவரும் இருக்கக்கூடும். கருவிக்கு இழப்பீட்டுக் காப்பு எடுத்து, இழப்பின் பொறுப்பு வாட்சரைச் சாராது என்பதை வழங்கும் நாளிலேயே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், அது பீரோவிலிருந்து காட்டிற்குப் போகும்.