கல்லாகிப் போன முந்திரிக்கொத்து

நான் பி.காம். படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ("மாசத்துக்கு ரெண்டு தடவை சொன்னா தெரியாம எப்படிப் போகும்?" - இது என் மனைவி.) பற்று, வரவு, பேலன்ஸ் ஷீட் எல்லாம் பார்த்தவன். அப்படிப்பட்ட எனக்கே பிடிபடாத கணக்கு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் பலகாரக் கணக்கு!

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு மேலவீட்டு ஆச்சி அதிரசம் அனுப்புவார். ரம்ஜானுக்கு எதிர்வீட்டு பாய் பிரியாணி அனுப்புவார். வருஷம் பூரா ஏறிய இந்தக் கடனை டிசம்பர் 25 அன்று ஒரே நாளில் அடைக்க வேண்டும். வட்டி கிடையாது. ஆனால் முறுக்கு நொறுங்கியிருந்தால் மானம் போய்விடும்.

அம்மா இருந்தவரை இது அம்மாவின் இலாகா. அதற்கென்று ஒரு நீள நோட்டு. எந்த வீட்டுக்கு எத்தனை முறுக்கு, எத்தனை முந்திரிக்கொத்து, எந்த வீட்டில் சர்க்கரை வியாதி - எல்லாம் அதில் இருக்கும். அம்மா தவறிய வருஷம் துக்க வீடு என்று நாங்கள் அடுப்பே மூட்டவில்லை. ஊரே கொண்டுவந்து கொடுத்தது. ஆக, போன கிறிஸ்துமஸுக்குக் கடன் டபுள். மொத்தம் 31 வீடு. முதல் முறையாகப் பொறுப்பு என் மனைவி தலையில்.

அவளோ டீச்சர். ஒரு பக்கம் அரைப்பரீட்சைப் பேப்பர் கட்டு, இன்னொரு பக்கம் ஊறப்போட்ட அரிசி. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? பெண்ணின் ஃபிராக்குக்காக டெய்லர் கடைக்கு ஒன்பது நடை நடந்தேன். (அவருக்குத் தமிழில் 'நாளைக்கு' என்ற வார்த்தை மட்டும்தான் தெரியும்.) வாசலில் கட்டிய ஸ்டார் எரியவில்லை. ஏணி போட்டு ஏறினேன். இறங்கினேன். அப்போதும் எரியவில்லை. எழுதிய கட்டுரைக்குச் செக் வரவில்லை. (இந்தப் பத்திரிகை இல்லை சார், வேறே ஒண்ணு.)

23-ம் தேதி ராத்திரி பதினொரு மணி. மனைவி கருப்பட்டிப் பாகு காய்ச்சி, வறுத்துப் பொடித்த பாசிப்பயறைக் கலந்து, உருண்டை பிடித்து, மாவில் முக்கிப் பொரித்து முதல் கொத்தை என்னிடம் நீட்டினாள். கடித்தேன். பல் உள்ளே போகவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். எழுத்தாளன் இல்லையா... ஜோக் அடித்தேன்.

"எங்கம்மா பண்ணினா வாயிலே போட்டதும் கரையும். இது நேரா பல் டாக்டர்கிட்டே அனுப்பிரும் போலிருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. கேஸை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க எனக்கும்தான் இல்லைங்க. நீங்க சொல்லிக் காட்டித்தான் அது எனக்குத் தெரியணுமா?"

அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். விளக்கமாற்றால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

24-ம் தேதி முழுக்க வீட்டில் ஊரடங்கு. "அப்பாகிட்டே சாப்பாடு ரெடின்னு சொல்லு", "அம்மாகிட்டே வரேன்னு சொல்லு" என்று நாலாங்கிளாஸ் படிக்கிற பெண்தான் தபால் இலாகா.

ராத்திரி ஒரு மணிக்குக் கேரல்காரர்கள் வந்தார்கள். நாற்பது பேர், ஒரு டிரம், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. தெருவில் உள்ள அத்தனை நாயும் குரைக்க, டிரம் அதிர, அவர்கள் பாடிய பாட்டு என்ன தெரியுமா? 'ஸைலண்ட் நைட்'! ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில், 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, யோசப் மோர் என்ற பாதிரியார் எழுதியதற்கு ஃபிரான்ஸ் க்ரூபர் மெட்டுப் போட்டு, இரண்டு பேருமாக ஒரு கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு முதன்முதலில் பாடிய பாட்டு. அமைதியைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு எங்கள் தெருவே எழுந்து உட்கார்ந்தது.

அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, விடிந்ததும் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பார்க்க அம்மா நோட்டைத் திறந்தேன். பக்கம் தள்ளிக்கொண்டே போனதில் 1997 வந்தது. நான் மூணாங்கிளாஸ் படித்த வருஷம். பட்டியலுக்குக் கீழே அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்:

"பாகு முறுகி கொத்து கல்லு. பூராவும் ஆட்டுக்குப் போட்டாச்சு. அவுக ஏசினாக. அழுகையா வந்துச்சு. விடியக்காலம் கோயில்ல உக்காந்திருக்கும்போது, இயேசப்பா பிறந்த எடத்திலேயும் ஒண்ணும் ரெடியா இல்லையேன்னு தோணுச்சு. மனசு லேசாச்சு. கடையில பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்."

'அவுக' என்பது என் அப்பா. ஆக, இது பரம்பரை வியாதி!

யோசித்துப் பார்த்தேன். லூக்கா எழுதியிருப்பதை வருஷா வருஷம் கேட்கிறோம். அகஸ்து ராயன் குடிமதிப்பு எழுதச் சொல்லி உத்தரவு போடுகிறான். நிறைமாத கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறாள். கழுதையில் போனதாகப் படம் போடுகிறார்களே, அந்தக் கழுதைகூட சுவிசேஷத்தில் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி மாட்டுத் தொட்டியில் கிடத்தினாள். புது ஃபிராக் இல்லை. பலகாரம் இல்லை. பார்க்க வந்ததோ நைட் டியூட்டியில் இருந்த மேய்ப்பர்கள், வேலைத் துணியோடு. அதற்குத்தான் 'பூமியிலே சமாதானம்' என்று பெயர்.

தேதி விஷயமும் அப்படித்தான். பைபிளில் தேதியே இல்லை. டிசம்பர் 25 என்று ரோமாபுரியில் வைத்துக்கொண்டதற்குப் பழைய சாட்சி கி.பி. 336-ஐச் சேர்ந்தது. முந்நூறு வருஷம் பொறுத்த ஆண்டவர், என் முந்திரிக்கொத்துக்கா அவசரப்படப் போகிறார்?

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். காணிக்கை படைக்க வந்த இடத்தில், யாருக்காவது உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கைக் கவர் என் சட்டைப் பையில் இருந்தது. மனத்தாங்கல் உள்ளறையில் படுத்திருந்தது.

போய் எழுப்பினேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை நான் 'ஆனா' சேர்க்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை. நோட்டை நீட்டினேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நம்ம வீட்டுல ஆடு இல்லையேங்க. என்ன செய்ய?"

நாலரை மணி ஆராதனைக்கு ஊசிக்கோபுரம் கோயிலுக்குப் போனோம். 1826-ல் எழும்பின கோயில். இருநூறு வருஷமாக எத்தனை பெண்கள் விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டு அந்தப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்! அன்றைக்கும் பாதிப் பேர் கண் சொக்கித்தான் இருந்தார்கள். என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். நான் எழுப்பவில்லை. ஸ்டார் எரியவில்லை, செக் வரவில்லை, கொத்து கல்தான். எதுவும் மாறவில்லை. ஆனாலும் அம்மா போனதிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்றை யாரோ தூக்கி அந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஜெபம் பண்ணினேன்.

முறுக்கும் கடைக் கேக்குமாக 31 வீட்டுக்கும் கொடுத்தோம். மேலவீட்டு ஆச்சி மட்டும் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கொத்து எங்கேய்யா?" என்றார். உண்மையைச் சொன்னேன்.

ஆச்சி பொக்கை வாயால் சிரித்தார். "பாகு தப்பிட்டா? உங்க அம்மைக்கும் ஒரு வருசம் தப்பிச்சு. எனக்குத் தெரியாதாக்கும்? அதைத் தின்ன ஆடு எங்க வீட்டு ஆடுதானே!"

அன்று ராத்திரி அம்மா நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். 'கொத்து கல்லு. ஏசினது நான். மன்னிச்சது அவ' என்று எழுதினேன். எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்றுதான் புரியவில்லை. சொன்னேனே, நான் வெறும் பி.காம்.தான்!