சின்னக் கொம்பு என்ன கேவலமா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதன்முதலாக எல்க் வேட்டைக்குப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. சட்டம் அனுமதிக்கிற ஓர் இளம் ஆண், நீங்கள் நிச்சயமாகச் சுடக்கூடிய தூரத்தில் பக்கவாட்டில் நின்றால், எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கொம்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குத்தான் அந்த நாட்டு வேட்டைச் சந்தைக்கு வாய் வருவதில்லை. ஏனென்றால் இளம் ஆணைச் சுட்டுக் கறியோடு வீடு திரும்புகிறவரிடம் விற்பதற்குச் சந்தையிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது.

கோலாலம்பூர்ல உட்கார்ந்துகிட்டு உனக்கு எதுக்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். அமெரிக்க வன எழுத்தை வாசித்துவிட்டு ‘தனிமை’, ‘ஆதி இயற்கை’ என்று உருகுகிற இளம் வாசகர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். மலை, பனி, பைன் மரம், தனியாக ஒரு மனிதன். அந்த மலை யாருடையது, அங்கே நடக்க யாருக்கு உரிமை என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதைக் கேட்க எல்க் வேட்டையைப் போல நல்ல வழி வேறில்லை.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்வோம். எல்க்கைத் தமிழில் கடமான் என்று மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. தப்பு. கடமான் நம்ம ஊர் ரூசா. ஐரோப்பாவில் எல்க் என்றால் அது இன்னொரு விலங்கு, அமெரிக்கர்கள் மூஸ் என்று அழைப்பது. நான் பேசும் விலங்குக்கு வாப்பிட்டி என்றும் பெயர். ஷானி பழங்குடியினரின் சொல். வெள்ளைப் பிட்டம் என்று பொருள். வளர்ந்த ஆண் 300 கிலோவை எட்டும். ஒன்றரை வயதில் அதற்குக் கிளையில்லாத இரண்டு குச்சிக் கொம்புகள் இருக்கும். அதுதான் ஸ்பைக். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மெலிந்த, நாலைந்து கிளையுள்ள கொம்பு வரும். அதற்கு வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ராக்ஹார்ன், அதாவது கந்தல் கொம்பு. பெயரிலேயே இளக்காரம்.

உயிரைக் கொல்வதில் என்ன நல்ல அறிவுரை கெட்ட அறிவுரை என்று கொதிப்பவர்கள், பேரங்காடியில் கோழித் தொடையைக் கூடையில் போடாதவர்களாக இருந்தால் அவர்களுக்கு வணக்கம். மற்றவர்களோடு மேலே பேசலாம்.

இந்த இளக்காரத்துக்கு ஓர் அளவுநாடா உண்டு. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் தொடங்கிய போன் அண்ட் கிராக்கெட் கிளப், செத்த விலங்கின் கொம்பை எட்டில் ஒரு அங்குலம் வரை துல்லியமாக அளந்து மதிப்பெண் போடுகிறது. வழக்கமான வடிவமுள்ள எல்க் கொம்பு அதன் நிரந்தரப் பதிவேட்டில் ஏற 375 அங்குலம் வேண்டும். அந்த கிளப் காட்டைக் காக்கவும் பாடுபட்டது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு விலங்கை எண்ணாக்கினால் எண்ணுக்கு விலை வரும். 2008இல் யூட்டா மாநிலத்தில் ஸ்பைடர் புல் என்று பெயர் வாங்கிய ஓர் எல்க் சுடப்பட்டது. 478 அங்குலத்துக்கும் மேல், உலக சாதனை. சுட்டவர் அந்த அனுமதிச் சீட்டை ஏலத்தில் 150,000 டாலர் கொடுத்து வாங்கியவர். விலங்கு நின்றதோ பொது நிலத்தில்!

அதே யூட்டாவில் சாதாரண ஆளுக்குக் கிடைப்பதைப் பாருங்கள். மாநிலத்தின் பல பகுதிகளில் பொது வேட்டைப் பருவத்துச் சீட்டு ஸ்பைக்குக்கு மட்டும்தான் செல்லும். காதுக்கு மேலே கிளை பிரியாத கொம்பு ஒன்றாவது இருக்க வேண்டும். அங்கே முதிர்ந்த ஆண் வேண்டுமென்றால் குலுக்கலில் புள்ளி சேர்த்துக் காத்திருக்க வேண்டும். நல்ல பகுதிகளுக்கு இருபது ஆண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்க மனமில்லாத பணக்காரருக்கு ஏலம். இதற்கு உயிரியல் காரணமும் சொல்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. முதிர்ந்த ஆண்கள் போதுமான அளவு இருந்தால் பெண்கள் சீக்கிரம் சினைப்படும், குட்டிகள் குளிருக்கு முன் தேறும். சரி. அப்படியானால் ஸ்பைக்கைச் சுடுகிறவர்தானே மந்தைக்கு நல்லது செய்கிறவர்? அவரைப் பார்த்து ஏன் இந்த நக்கல்?

பக்கத்து கொலராடோவில் கதை நேர்மாறு. பெரும்பாலான இடங்களில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது, அல்லது ஐந்து அங்குல நெற்றிக் கிளையாவது இருந்தால்தான் ஆணைச் சுடலாம். யூட்டாவில் சட்டப்படி எடுக்கும் ஸ்பைக், எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம். ஆகவே புதியவர் துப்பாக்கி வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை வாசிக்க வேண்டும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இலவசமாகக் கிடைக்கும் புத்தகத்தில் யாருக்கு என்ன கமிஷன்?

சந்தை சொல்லும் அறிவுரை எப்படி இருக்கும் தெரியுமா? ‘இன்னும் உள்ளே போ, யாரும் போகாத இடத்துக்குப் போ.’ பாதி உண்மை. எல்க் சாலையை விட்டு விலகும் என்பதை ஓரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் ஆண்டுக்கணக்காக அளந்திருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்பைக்கில் எலும்பு நீக்கி ஐம்பது அறுபது கிலோ கறி தேறும். மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், புதியவர் ஒரு நடைக்கு இருபது கிலோதான் ஒழுங்காகச் சுமப்பார். மூன்று நடை. சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே சுட்டிருந்தால் போக வர 25 கிலோமீட்டர். பெரிய ஆண், அதன் தலையும் கொம்பும் என்றால் ஐந்து நடைக்குக் குறையாது, 45 கிலோமீட்டர். அதற்குள் கறி கெட்டுப்போகும். எல்க்கின் தோல் தடிமனானது, உள்ளே சூடு இறங்காது. தொடை எலும்பை ஒட்டித்தான் முதலில் நாறும். சுட்ட உடனே தோலை உரித்து, கால்களைத் தனியாக வெட்டி, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். உண்ணக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே பல மாநிலங்களில் குற்றம். எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது வேறு, எவ்வளவு தூரத்திலிருந்து சுமக்க முடியும் என்பது வேறு.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. எல்க் கண்ணை நம்புவதைவிட மூக்கை நம்பும். காலையில் வெயில் ஏற ஏற மலைச்சரிவின் காற்று மேலே போகும். சாயங்காலம் குளிர்ந்து கீழே வழியும். காலையில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் நெருங்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் அவை புல்வெளியில் மேயும். பகலில் வடக்குச் சரிவின் அடர்ந்த மரங்களுக்குள் படுத்துவிடும். இளம் ஆண்களுக்கு அனுபவம் குறைவு. பெண் மந்தையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னே, மார்பின் கீழ்ப்பாதியில் குண்டு போக வேண்டும். ஓட்டத்தில் சுடக் கூடாது, சந்தேகம் வந்தால் சுடவே கூடாது. சுட்டபின் அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அடிபட்ட விலங்கைத் துரத்தினால் அது இன்னொரு மலைக்கே போய்விடும். பொது நிலத்தில் பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடுதான் இறங்குகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ‘கந்தல் கொம்பு’ கிடைத்தவர் தலைகுனிய வேண்டுமாம்!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கொம்பின் அளவுதான் பெருமை என்று ஆகிவிட்டால், பெரிய கொம்பு வளரும் இடத்தை வளைத்துப்போட்டவர் சொல்வதுதான் சட்டமாகும். அங்கே காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை. மக்கள் சார்பில் மாநிலம் காக்கிறது. நிலத்திலும் பெரும்பகுதி பொதுவானது. நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 245 மில்லியன் ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 193 மில்லியன். மலேசியாவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பழங்குடிகளிடமிருந்து பிடுங்கிப் பொதுவாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலராடோவின் பெரும்பாலான யூட் மக்களை 1881இல் மலையைவிட்டுத் துரத்தினார்கள். அப்படிப் பிடுங்கியதையும் இப்போது பொதுவாக வைத்திருக்க மனமில்லை. 2025 ஜூனில் இருபது முப்பது லட்சம் ஏக்கரை விற்கும் ஏற்பாட்டை அமெரிக்க மேலவையில் ஒரு பெரிய மசோதாவுக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் போட்ட சத்தத்தில் அந்த மாதமே பின்வாங்கினார்கள்.

விற்காமலேயே பூட்டவும் முடியும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தார்கள். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது. ஒரு வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்குப் போக மூலைதான் வழி. அந்தப் புள்ளியைத் தாண்டும்போது உங்கள் தோள் தனியார் காற்றில் படுகிறதாம், ஆகவே அத்துமீறலாம். மேற்கில் சுமார் 8.3 மில்லியன் ஏக்கர் பொது நிலம் இப்படி மூலையில் பூட்டிக் கிடக்கிறது. வயோமிங்கின் எல்க் மலையில், மிசூரியிலிருந்து வந்த 4 வேட்டைக்காரர்கள் 2021இல் மூலையின் மேல் ஒரு மடக்கு ஏணியை வைத்து ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. நிலக்காரர் 7 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் என்றார். குற்றவியல் வழக்கில் ஜூரி 2022இல் அவர்களை விடுவித்தது. உரிமையியல் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை எடுத்து வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

இந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய 6 மாநிலங்களுக்குத்தான் பொருந்தும். மொன்டானா அதற்குள் வராது. அங்கே வனவிலங்குத் துறை மூலை தாண்டக் கூடாது என்றே சொல்லிவந்திருக்கிறது. ஸ்பைக்கைத் தேடி அந்தப் பக்கம் போகிறவர் ஏணியை எடுப்பதற்கு முன் அந்தத் துறையின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.