பூட்டிய வீட்டில் வாயில்லா ஜீவன்

காலை 8 மணிக்குக் கல்யாணில் மின்சார ரயிலைப் பிடித்தால்தான் மும்பை கோட்டைப் பகுதி அலுவலகத்தில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியும். வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடுகிறது. கணவனும் மனைவியும் இப்படி ஓட, பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கிய நாய் 12 மணி நேரம் அடைந்து கிடக்கிறது!

"சோறு வைத்துவிட்டுத்தானே போகிறோம்" என்பார்கள். சோறு போதுமா? வளர்ந்த நாயே 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கத் திணறும். குட்டி என்ன செய்யும்? தரையில்தான் போகும். மாலையில் அதற்கு அடி! எதற்கு என்றே அதற்குத் தெரியாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். மே மாதத்தில் ஜன்னலையும் சாத்திவிட்டுப் போவது கொடுமை.

சாலில் குடியிருந்தால் பொது வராந்தா உண்டு, பார்த்துக்கொள்ள நாலு பேர் உண்டு. பிளாட்டில் யார்?

அடைத்தே வைத்திருக்கும் நாயை நடமாட விடாதது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் வருமுன் சொசைட்டி செயலாளரின் கடிதம் வந்துவிடும். பகலெல்லாம் அது ஊளையிடுவது வீட்டுக்காரரைத் தவிர எல்லோருக்கும் கேட்கிறதே!

காலையில் அரை மணி முன்னதாக எழுந்து அதை நடத்திக் கூட்டிப் போகலாம். நடுப்பகலில் ஒருமுறை வெளியே விடுவதற்கு, பக்கத்து வீட்டு மாமியிடமோ வேலைக்கு வரும் பாயிடமோ ஒரு சாவி கொடுத்துவைக்கலாம். மாதம் ஏதோ கொடுக்க வேண்டிவரும். அதற்கும் வழியில்லாதவர்கள், பிள்ளை எவ்வளவு அழுதாலும், இப்போதைக்கு நாய் வாங்க வேண்டாம்.