செட்டில் ஆயிடும்

“ரெண்டு வாரம் குடுங்க, செட்டில் ஆயிடும்.” குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறவரிடம் இதை யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார். என்னிடம் நாலு பேர் சொன்னார்கள். நாலு பேரும் நல்லவர்கள், என்னைவிட பல வருஷம் கூடுதலாகக் குதிரைகளோடு இருந்தவர்கள். அப்படியும் சொல்கிறேன்: அது பொய். குதிரை வைத்திருப்பவனுக்கு ராத்திரி தூக்கம் வரட்டும் என்று சொல்லப்படும் பொய். குதிரைக்கு அதனால் ஒரு பிடி புல்லுக்கும் பிரயோஜனம் கிடையாது.

டல்லாஸுக்கு வடக்கே டென்டன் கவுண்டி முழுக்கக் குதிரைப் பண்ணைகள். சொந்த நிலம் இல்லாதவர்கள் குதிரையை போர்டிங் பார்னில் விடுவார்கள். குதிரைக்கான ஹாஸ்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை, 12-க்கு 12 அடி அறை, ரெண்டு வேளை சாப்பாடு, சாணி அள்ள ஆள். போனில் அம்மாவிடம் விளக்கியபோது, “குதிரைக்கு வாடகையாடா? நீயே வாடகை வீட்லதானடா இருக்க” என்றார். என் குதிரை பெப்பர், 14 வயசு, குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துப் பெட்டை. அவள் நாலு வருஷம் இருந்த பார்னின் நிலத்தை வீடு கட்டுகிற கம்பெனி வாங்கிவிட்டது. அங்கே எழும்பப்போகிற வீடுகளை வாங்கப்போவது என்னை மாதிரி ஐ.டி. ஆட்கள்தான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புது பார்ன் பார்க்க அம்சமாக இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஃபேன், ரப்பர் தரை, தானாக நிரம்பும் தண்ணீர்த் தொட்டி. அறைகளுக்கு நடுவே கூரைவரை மரச்சுவர். பக்கத்துக் குதிரையைக் கடிக்காது, உதைக்காது, பாதுகாப்பு என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

முதல் மூணு நாள் பெப்பர் கனைத்துக்கொண்டே இருந்தாள். கதவோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து மரத்தூள் படுக்கையில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. போட்ட புல்லில் பாதி மிச்சம். எல்லாம் சகஜம் என்றார்கள். ஒன்பதாவது நாள் போனபோது சத்தமே இல்லை. பின்சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து முதுகு மட்டத்துக்கு இறங்கியிருந்தது. காது திரும்பவில்லை. நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: “செட்டில் ஆயிட்டா!” பதினேழு ஹார்ட் விழுந்தது. பன்னிரண்டாவது நாள் விடிகாலை அஞ்சு மணிக்கு போன். தரையில் புரள்கிறாள், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள்.

கோலிக். குதிரையின் வயிற்று வலி. மனுஷ வயிற்று வலி மாதிரி ஓமவாட்டர் குடித்துத் தேற்றிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே அடைத்துக்கொண்டால் உயிரே போய்விடும். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் தண்ணீர் ஏற்றினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போட்ட ஒரு குவியல் சாணியைப் பார்த்து நான் அழுதேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் எழுதும் சாஃப்ட்வேரில் ஒரு சர்வர் எர்ரர் அனுப்புவதை நிறுத்திவிட்டால், எங்கள் டீமில் யாரும் கைதட்ட மாட்டார்கள். சரியாகிவிட்டதா, செத்தேவிட்டதா என்று போய்ப் பார்ப்போம். இது எனக்குத் தெரியும், இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஒரு உயிர் கத்துவதை நிறுத்தியதும் போட்டோ எடுத்தேன்.

பிரான்ஸின் ரென் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2012-இல் ‘ப்ளோஸ் ஒன்’ இதழில், சவாரிப் பள்ளிக் குதிரைகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கழுத்து முதுகு மட்டத்தில், காது ஒரே நிலையில், கண் திறந்தும் எதையும் பார்க்காமல், சுவர் பார்த்து நிற்கும் குதிரைகள் சில இருந்தன. தொட்டால்கூட மற்றவை அளவுக்குச் சிலிர்க்கவில்லை. மனச்சோர்வு என்று மனிதர்களில் நாம் சொல்வதோடு அதை ஒப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு விஷயம். அந்தக் குதிரைகளின் ரத்தத்தில் கார்டிசால், அதாவது மன அழுத்தத்தோடு ஏறும் ஹார்மோன், மற்றவற்றைவிடக் குறைவு. ரத்தத்தை மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தால் “சூப்பர், செட்டில் ஆயிடுச்சு” என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

அடங்கிப்போவதும் பழகுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று மாதிரித்தான் இருக்கும். நமக்கு வசதியாக இருப்பதும் அதுதான். சத்தம் போடாத குதிரை, வேலை வைக்காத குதிரை, நல்ல குதிரை. புதுப் பெண்ணை, ஹாஸ்டல் பையனை, ஆன்சைட் வந்தவனை நாம் மெச்சுவதும் இப்படித்தானே, “ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல, நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்க” என்று. அந்தக் கதைக்குள் இப்போது போகவில்லை. பெப்பர் யாருக்கும் உருவகம் இல்லை. அவளுக்கு வலித்தது.

ஏன் வலித்தது என்பதற்கு மர்மம் ஏதுமில்லை. திறந்தவெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். அதற்கேற்ற வயிறு அது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், உள்ளே புல் இருந்தால்தான் தாங்கும். டென்மார்க்கில் 201 குதிரைகளைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வு, புல்லுக்கும் புல்லுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் வயிற்றுப் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது என்கிறது. எங்கள் புது பார்னில் சாயங்காலம் அஞ்சுக்குப் புல், அடுத்தது காலை ஏழுக்கு. பதினாலு மணி நேரம். குழாய் கேமரா விட்டுப் பார்த்தபோது புண் இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒமிப்ரசோல். டெட்லைன் நேரத்தில் என் ஆபீஸ் டிராயரில் இருக்கும் அதே மருந்து, குதிரைக்குப் பசையாக வருகிறது.

புல்லும் மாறியிருந்தது. பழைய இடத்தில் அல்ஃபால்ஃபா கலந்து போடுவார்கள், இங்கே வெறும் கோஸ்டல் பெர்முடா. நம்ம ஊர் அருகம்புல்லின் சொந்தக்காரன்தான், ஆனால் மெல்லிசான நார். அது குடலில் அடைத்துக்கொள்வது டெக்சஸ் குதிரை டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. ஒரு வாரம், ரெண்டு வாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். ஒரே ராத்திரியில் மாற்றினோம். அதோடு அவள் தண்ணீரைச் சரியாகக் குடித்திருக்கவும் இல்லை. தானாக நிரம்பும் தொட்டி என்பதால் எவ்வளவு குடித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ரசித்த அதே தொட்டி.

இதில் பார்ன்காரர்களுக்கு ஒரு நியாயமான பதில் இருக்கிறது. புதுசாக வரும் குதிரை வியாதியோடு வரலாம். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் ஒரு பார்னையே மாதக்கணக்கில் முடக்கும். அதனால் ரெண்டு மூணு வாரம் தனியே வைத்து, தினம் ரெண்டு வேளை காய்ச்சல் பார்க்க வேண்டும். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ராங்கிள்ஸ் பரவுவது தொடுவதாலும், பொதுவான வாளியாலும், நம் கையாலும் துணியாலும்தான். கண்ணால் பார்ப்பதால் பரவாது. நாலைந்து ஆள் தூரத்தில் இன்னொரு குதிரை தெரிகிற மாதிரி ஒரு வேலி போட என்ன செலவாகிவிடும்? என் பார்னில் காய்ச்சல் ஒரு வேளைகூடப் பார்க்கவில்லை. மரச்சுவர் மட்டும் இருந்தது. தனிமைப்படுத்தலின் கஷ்டம் அத்தனையும் அவளுக்கு, அதன் பலன் யாருக்கும் இல்லை.

பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸும் கூட்டாளிகளும், கொட்டிலில் நின்றபடி ஓயாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும் குதிரைகளின் அறைகளில் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்தது. நல்ல ஆய்வு, நல்ல எண்ணம். இப்போது குதிரைக்கான கண்ணாடி கடைகளில் கிடைக்கிறது. சுவரில் ஒரு ஜன்னல் வெட்டுவதைவிடக் கண்ணாடி மாட்டுவது சுலபம், அவ்வளவுதான் விஷயம். சுவிட்சர்லாந்தின் 2008 விலங்குப் பாதுகாப்பு விதிகள் இந்தச் சமரசத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு குதிரை இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் மோப்பம் பிடிக்கவும் முடிய வேண்டும் என்கின்றன. டெக்சஸில் அப்படி ஒரு சட்டம் வரும் என்று நான் கனவு காணவில்லை. மாதம் எண்ணூறு டாலர் கொடுக்கும் நாங்களாவது கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்டது வைஃபை இருக்கிறதா என்று.

“ஒண்ணா விட்டா உதைச்சுக்கும்” என்பார்கள். உதைக்கலாம். முன்பின் தெரியாத எட்டுக் குதிரைகள் நடுவே, மூலை முடுக்கு உள்ள சின்னப் பட்டியில் திடீரென்று ஒன்றைத் தள்ளினால் உதைக்கும். முதலில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், அப்புறம் சாதுவான ஒரே ஒரு குதிரையோடு, அப்புறம் கூட்டத்தோடு என்று போகலாம். இதற்கு ஆள் நின்று பார்க்க வேண்டும், நேரம் வேண்டும். இல்லாதது அந்த நேரம்தான். அதை “குதிரையின் பாதுகாப்பு” என்று பெயர் மாற்றி நமக்கே விற்கிறார்கள்.

கோலிக் வந்த மூணாவது வாரம் பெப்பரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். தகரக் கூரை, சேறு, ஃபேன் கிடையாது. பழைய பார்னிலிருந்து ஏற்கெனவே அங்கே வந்துவிட்டிருந்த ஒரு கிழட்டு மட்டக்குதிரை இருந்தது. புது பார்ன் புல்லில் ஆறு மூட்டை கூடவே ஏற்றிக்கொண்டு போய்க் கலந்து போட்டேன். தண்ணீருக்குச் சாதா வாளி, கோடு போட்டது. ஒரு நாளைக்கு எத்தனை சாணி என்று எக்செல்லில் குறித்தேன். எட்டுக்குக் கீழே இறங்கினால் டாக்டருக்கு போன் பண்ணுவேன். கிறுக்கன் என்று பேர் வாங்கியாயிற்று.

கனைப்பு ரெண்டாவது நாளே நின்றுவிட்டது. இந்த முறை நான் நம்பவில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் படுக்காது. அதனால் தினமும் விடிகாலை ஆபீஸுக்கு முன்னால் போய் அவள் உடம்பைத் தடவிப் பார்த்தேன். அஞ்சு நாள் சுத்தமாக இருந்தது. ஆறாவது நாள் இடது விலாவிலும் பிடரியிலும் மரத்தூள் ஒட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மட்டக்குதிரை நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. நான் போட்டோ எடுக்கவில்லை.