இனத்தைக் கற்க வேண்டிய வகுப்பறை

அமெரிக்காவில் இனம் பற்றிய கல்வி குறித்து எழும் சச்சரவுகள், நம் செய்தித்தாள்களை எட்டும்போது பெரும்பாலும் ஹார்வர்டு, கொலம்பியா போன்ற பெயர்களோடுதான் வருகின்றன. அக்கல்வி வேரூன்ற வேண்டிய இடம் அவையல்ல, சமுதாயக் கல்லூரிகளே என்பது என் துணிபு.

ஈராண்டுப் படிப்பை வழங்கும் பொதுக் கல்லூரிகள் இவை. கலிஃபோர்னியா 1960ஆம் ஆண்டில் வகுத்த பெருந்திட்டம் உயர்கல்வியை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. பள்ளி முடித்தோரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம். படித்துப் பயன்பெறக்கூடிய எவருக்கும் சமுதாயக் கல்லூரி. கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும், பிள்ளை பெற்ற பின் படிப்பைத் தொடரும் பெண்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்போரும் இங்கேதான் வருகிறார்கள்.

இனக்குழுக் கல்வி என்ற துறை மேலிருந்து அருளப்பட்டதன்று. இன்று மெரிட் கல்லூரி என அறியப்படும் ஓக்லாந்தின் சமுதாயக் கல்லூரியில், கறுப்பின வரலாற்றைக் கற்பிக்குமாறு 1960களில் போராடிய மாணவர்களுள் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் இருந்தனர். 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கியவர்களும் அவர்களே. 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அத்துறைக்கு நிறுவன வடிவம் தந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2020இல் கலிஃபோர்னியா அதை மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டாயப் பாடமாக்கியது; 2021இல் சமுதாயக் கல்லூரிகளும் பின்தொடர்ந்தன.

“வேலைக்குப் போகவேண்டியவருக்கு இந்தப் பாடம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அவர் எந்த வேலைக்குப் போகிறார் என்றும் பார்க்க வேண்டும். அந்நாட்டின் செவிலியர், காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோரில் பெரும்பகுதியினர் சமுதாயக் கல்லூரிகளில் பயின்றவர்கள். பிறரிடம் “உங்கள் இனம் எது?” என்று கேட்டுப் படிவம் நிரப்பப்போகிறவர்கள் அவர்களே.

அந்தப் படிவத்தின் ஒரு கட்டம் என்ன செய்யும் என்பதற்குச் சிறுநீரக மருத்துவமே சான்று. இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகச் செயல்திறனை மதிப்பிட 2009இல் உருவான சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்த்திக் காட்டியது. நோயுற்ற சிறுநீரகம் தாளில் நலமானதாகத் தெரிந்தது; மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் சேரும் நாள் தள்ளிப்போனது. 2021இல்தான் இனத்தைக் கணக்கில் கொள்ளாத சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும் விதி 2023இல் வந்தது. ஒரு செவிலியர் இதை அறிந்திருப்பது அவர் தொழிலின் பகுதியே.

நாம் ‘இனம்’ என்னும் ஒரே சொல்லால், உடல் தோற்றத்தை வைத்துப் பிறர் சுமத்தும் வகைப்பாட்டையும், மொழி, மரபு, நினைவு ஆகியவற்றால் ஒரு மக்கள் தமக்கெனக் கொள்ளும் அடையாளத்தையும் குறித்துவிடுகிறோம். முன்னதை அரசே எழுதி, அரசே அழிக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1920 முதல் 1940 வரை இந்தியரை, அவர் சீக்கியரோ இசுலாமியரோ, ‘இந்து’ என்னும் இனமாகப் பதிவு செய்தது. 1970இல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்தது. 1980இல் ‘ஆசிய இந்தியர்’ ஆக்கியது. நடுவே 1923இல், பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் அல்லர் எனக் கூறிக் குடியுரிமையை மறுத்தது.

இத்தகைய வரலாற்றைக் கற்பிப்பது மக்களைப் பிரிக்கும் என்போர் ஃபுளோரிடாவில் ஆட்சியில் உள்ளனர். நிறுவனங்களிலேயே இனப் பாகுபாடு ஊறியுள்ளது என்னும் கோட்பாட்டின் மேல் அமைந்த பாடங்களைப் பொதுக்கல்வியின் மையத்திலிருந்து விலக்கும் சட்டம் 2023இல் அங்கு வந்தது. சமுதாயக் கல்லூரி மரபில் வந்த 28 மாநிலக் கல்லூரிகளின் மையப் பாடப் பட்டியலிலிருந்து, 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடமும் நீக்கப்பட்டது. பிரிவினை படிவங்களிலும் சட்டங்களிலும் முன்பே எழுதப்பட்டது. வகுப்பறை அதை வாசிக்க மட்டுமே கற்றுத்தருகிறது.

ஆயினும் கட்டாயப் பாடம் என்பதாலேயே நன்மை விளைந்துவிடாது. சமுதாயக் கல்லூரி ஆசிரியரில் பெரும்பாலோர் பகுதிநேரப் பணியாளர்கள். அடுத்த பருவத்தில் பணி உண்டா என அறியாதவர்கள். அவர்கள் தலையில் இப்பாடத்தைக் கட்டிவிட்டால், அது உணவுத் திருவிழாவாகவும் வாழ்த்துரையாகவும் சுருங்கிவிடும்.

மாறாக, ஒவ்வொரு கல்லூரியும் தன் ஊரின் ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் சமுதாயக் கல்லூரி ஒன்று உண்டு. அங்கே, ஒரு நூற்றாண்டுக்கு முன் பஞ்சாபி உழவர்கள் மெக்சிகப் பெண்களை மணந்தனர். தாய்நாட்டுப் பெண்களை அழைத்துவரக் குடியேற்றச் சட்டம் தடையாக இருந்தது; வெள்ளையரை மணப்பதை, 1948 வரை நீடித்த கலப்புமணத் தடை விலக்கியது. திருமண உரிமம் தரும் எழுத்தர், மணமக்கள் இருவரின் நிறத்தையும் பார்த்து முடிவெடுத்தார். அந்த உரிமத்தின் நகலை மாணவர் கையில் கொடுத்து, “இதில் இனம் என்ற கட்டத்தை நிரப்பியவர் யார்? எதைக் கொண்டு நிரப்பினார்?” என்று கேட்டால் போதும். சில ஆண்டுகளில் அத்தகைய ஒரு மேசைக்குப் பின்னால் அமரப்போகும் மாணவர், அக்கேள்வியை உடன்கொண்டு செல்வார்.