தாமதமாக வந்தவர்கள் யார்?

2022 மே 28, இரவு ஒன்பது மணி. பாரிஸை ஒட்டிய சான்-தெனியில் உள்ள ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். லிவர்பூலும் ரியல் மாட்ரிடும் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி தொடங்க வேண்டிய நேரம். பெரிய திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கும்.

அதே நேரத்தில் வெளியே, கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் பூட்டிய வாயில்களின் முன் நெரிந்து நின்றார்கள். பலர் ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே வந்தவர்கள். அவர்களில் குழந்தைகள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப் புகையும் மிளகுத் தெளிப்பும் அடித்தது. ஆட்டம் 36 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

கால்பந்து ரசிகர்களின் கதை இங்கே எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு கூட்டத்தை அரசு எந்தக் கண்ணோடு பார்க்கிறது, தவறு நடந்தபின் பழியை யார் தலையில் கட்டுகிறது என்பதைப் படிக்க, இவ்வளவு தெளிவாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வுகள் குறைவு. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். இந்த இறுதிப் போட்டி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்க இருந்தது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு, பிப்ரவரி இறுதியில் பாரிஸுக்கு மாற்றப்பட்டது. தயாரிப்புக்குக் கிடைத்தது மூன்று மாதம். போட்டி நாளன்று மைதானத்துக்குச் செல்லும் ரயில் தடங்களில் ஒன்றில் வேலைநிறுத்தம். எனவே கூட்டம் இன்னொரு தடத்துக்கு மாறியது. அந்த நிலையத்திலிருந்து வரும் வழி, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஒரு குறுகிய பாதையில் போய் முடிந்தது. அந்தப் பாதையை போலீஸ் வண்டிகளே மேலும் குறுக்கின. அங்கேயே டிக்கெட் சோதனையும் வைத்தார்கள். கூட்டம் தேங்கியது. நெருக்கடி முற்றியபோது சோதனையை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். டிக்கெட் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக வாயில்களை நோக்கிப் போனார்கள். பிறகு வாயில்கள் அடைக்கப்பட்டன. தடத்தை மாற்றிவிட்ட கூட்டத்துக்கு வழியை மாற்றி அமைக்காததுதான் கோளாறின் தொடக்கம். அங்கே நின்ற எந்த ரசிகரும் அந்தப் பாதையை வடிவமைக்கவில்லை.

ஆனால் அதிகாரம் சொன்ன கதை வேறு. அன்றைய பிரெஞ்சு உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மானன், முப்பது முதல் நாற்பதாயிரம் பேர் போலி டிக்கெட்டோடோ டிக்கெட்டே இல்லாமலோ வந்தார்கள் என்றார். பெருமளவில் திட்டமிட்ட மோசடி என்றார். வாயில்களில் பிடிபட்ட போலி டிக்கெட்டுகள் சுமார் 2,600 என்று பின்னர் தெரியவந்தது. நாற்பதாயிரம் எங்கே, இரண்டாயிரத்து அறுநூறு எங்கே? அந்த எண்ணிக்கைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று பாரிஸ் போலீஸ் தலைவரே செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

அதே விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. மைதானத்தின் கண்காணிப்பு கேமரா பதிவுகள் ஏழு நாளில் தானாக அழிந்துவிட்டன. அவற்றைப் பாதுகாக்கும்படி எந்த நீதித்துறை அமைப்பும் கேட்கவில்லை. அமைச்சரின் குற்றச்சாட்டு உண்மையென்றால் அதற்கான முதல் சாட்சி அந்தப் பதிவுகள்தான். திட்டமிட்ட மோசடி நடந்தது என்று நம்புகிற அரசு, அந்தச் சாட்சியைக் காப்பாற்ற ஒரு வாரத்தில் ஒரு கடிதம்கூட எழுதாதா?

2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை, யூயெஃபாவுக்கே முதன்மைப் பொறுப்பு என்றது. அந்தக் குழுவை அமைத்ததும் யூயெஃபாதான் என்பதைக் கவனியுங்கள். அன்று யாரும் சாகாமல் போனதே வியப்பு என்றும், நெருக்கடியில் ரசிகர்கள் காட்டிய நிதானம்தான் பெரும் விபரீதத்தைத் தடுத்திருக்கக்கூடும் என்றும் அது சொன்னது. எந்தக் கூட்டத்தை ஆபத்து என்றார்களோ, அந்தக் கூட்டமே தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

அந்த நிதானம் எங்கிருந்து வந்தது? லிவர்பூல் மக்களுக்கு ஹில்ஸ்பரோ என்ற பெயர் ஒரு காயம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில், வெளியூர் ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் கம்பி வேலிகளுக்குள் நசுங்கினார்கள். 97 பேர் இறந்தார்கள். கடைசி ஒருவர் 32 ஆண்டுகள் அந்தக் காயங்களோடு வாழ்ந்து 2021இல் இறந்தார். வெளியே நெரிசல் அதிகமானபோது ஒரு பெரிய வாயிலைத் திறக்க உத்தரவிட்டவர் போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட். ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்குச் செல்லும் சுரங்கப் பாதையை மட்டும் யாரும் அடைக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று அவர் அன்றே சொன்னார். அது பொய் என்று 2015இல்தான் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. தலைப்பு 'உண்மை'. இறந்த குழந்தைகளின் ரத்தத்தில்கூட மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதை 2012இல் சுயாதீனக் குழு வெளிக்கொண்டுவந்தது. இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மீது பழி இல்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது 2016 ஏப்ரலில். இருபத்தேழு ஆண்டுகள்! அதற்குப் பிறகும் டக்கன்ஃபீல்ட் 2019இல் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

பாரிஸ் அறிக்கையின் மிக முக்கியமான பகுதி இங்கேதான் வருகிறது. ஹில்ஸ்பரோவை ரவுடித்தனத்தால் நடந்த விபத்து என்று தவறாகப் புரிந்துகொண்ட பார்வை, 2022இல் போலீஸ் லிவர்பூல் ரசிகர்களை அணுகிய விதத்தைப் பாதித்திருக்கிறது என்றது அந்தக் குழு. நீதிமன்றம் பொய் என்று சொல்லி ஆறு ஆண்டுகள் கழித்தும், அந்தப் பொய் கடல் கடந்து போய் இன்னொரு நாட்டுப் போலீஸின் திட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்பால் மட்டும் முத்திரை அழிவதில்லை. இது நமக்குப் புதிய செய்தியா?

ரசிகர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நாம் சொல்லவில்லை. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மீது பாய்ந்தபோது சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். 14 ரசிகர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அது சரிதான். குற்றம் செய்தவரைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது நீதி. அவர் அணிந்த அதே நிறச் சட்டையை அணிந்த எல்லோரையும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குற்றவாளியாகப் பார்ப்பது முன்முடிவு.

இதற்கு மாற்று இருக்கிறதா? இருக்கிறது. 2004இல் போர்ச்சுகலில் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது, ஆட்டங்கள் நடந்த நகரங்களில் அந்நாட்டு நகரக் காவல்துறை வேறு வழியைக் கையாண்டது. தலைக்கவசமும் கேடயமும் கண்ணில் படவில்லை. சாதாரணச் சீருடையில் வந்து ரசிகர்களிடம் பேசினார்கள். பிரச்சினை செய்த தனி ஆளை மட்டும் கவனித்தார்கள். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. இன்னொரு காவல் படையின் கட்டுப்பாட்டில் இருந்த அல்புஃபைரா என்ற கடற்கரை ஊரிலோ இங்கிலாந்து ரசிகர்களோடு மோதல் வெடித்தது. இதை ஆராய்ந்த சமூக உளவியலாளர் கிளிஃபர்ட் ஸ்டாட்டும் அவரது குழுவினரும் சொல்வது எளிது: கூட்டத்தை ஒட்டுமொத்தமாக எதிரியாக நடத்தினால், அதுவரை தனித்தனியாக இருந்தவர்கள் போலீஸுக்கு எதிராக ஒன்றாகிறார்கள். மரியாதையாக நடத்தினால் கூட்டமே தன்னுள் இருக்கும் வம்புக்காரரை அடக்கும். ஒரே நாட்டு ரசிகர்கள், ஒரே போட்டி, இரண்டு விதமான காவல், இரண்டு விதமான முடிவு. சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

பாரிஸ் கதையில் இன்னொரு கூட்டமும் பழி சுமந்தது. அன்று இரவு ரசிகர்களை உள்ளூர் இளைஞர் கும்பல்கள் தாக்கிக் கொள்ளையடித்தது உண்மை. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களை மறுக்க முடியாது. ஆனால் பிரான்ஸின் வலதுசாரிகள் அதைப் பிடித்துக்கொண்டு, புலம்பெயர்ந்தோர் நிறைந்த சென்-சான்-தெனி மாவட்டத்தையே குற்றவாளி ஆக்கினார்கள். ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் லா கூர்னவ் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேய ரசிகனை விட்டால் கறுப்பின இளைஞன், அவனை விட்டால் அரபு இளைஞன். பாதையை அடைத்த வண்டிகளைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது.

நாம் ரசிகர்களின் அனுபவத்தையும் சாதியையும் ஒன்றாக்கவில்லை. ரசிகன் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதிகாரம் பேசும் மொழி ஒன்றுதான். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் பேரணி போனவர்கள் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் பிணமாகத் திரும்பினார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வந்தவர்களில் 6 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். விசாரணை ஆணையம் போலீஸை நியாயப்படுத்தியது. அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தை அஞ்சலி செலுத்த வந்த கூட்டமாகப் பார்க்காத கண்தான் அங்கேயும் இருந்தது.

லிவர்பூல் நமக்குக் கற்றுத் தருவது என்ன? முதல் பொய்யை முதல் நாளே மறுக்க வேண்டும். பாரிஸில் மாட்டிக்கொண்ட ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் அன்றிரவே கைபேசிப் படங்களை வெளியிட்டார்கள். ரசிகர் அமைப்புகள் வாக்குமூலங்களைத் திரட்டின. ஹில்ஸ்பரோ ஆய்வாளர் ஃபில் ஸ்க்ராட்டன் அப்படிப்பட்ட சாட்சியங்களைத் தொகுத்து அறிக்கையாக்கினார். அதனால்தான் 27 ஆண்டுகள் எடுத்த உண்மை இம்முறை ஒன்பது மாதத்தில் வந்தது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவும் யூயெஃபா இறங்கிவந்தது. அதிகாரிகள் விசாரணையில் உண்மை பேசுவதைச் சட்டக் கடமையாக்கும் மசோதா 2025 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. ஹில்ஸ்பரோ குடும்பங்கள் விடாமல் கேட்டுவந்த சட்டம் அது.

எனவே அடுத்த நினைவு நாளுக்கோ பேரணிக்கோ போகும் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள். வழித்தடத்தையும் வெளியேறும் வழியையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடுப்புகள் எங்கே, வண்டிகள் எங்கே என்று நேரத்தோடு படமெடுங்கள். ஏதாவது நடந்தால் கேமரா பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லி மறுநாளே மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தை அந்த வாரமே எழுதி வையுங்கள்.

பாரிஸில் ரசிகர்கள் நேரத்துக்கு வந்திருந்தார்கள். தாமதமாக வந்தது உண்மைதான். அதையும் அவர்களே இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஜெய் பீம்.